ஃபார்ச்சூனருக்கு வீல், டயர் அளவு மாற்றியபின் உரசல், உதறல், இழுப்பு: எந்த எண் தப்பு என்று கண்டுபிடிப்பது எப்படி

பெரிய எஸ்யூவிக்கு அலாயும் டயரும் மாற்றிய பிறகு ஏதாவது கோளாறு தெரிந்தால், எல்லோரும் முதலில் ஓடுவது வீல் அலைன்மெண்ட் கடைக்கு. காசு கொடுத்து கோணத்தைத் திருத்திவிட்டு வருகிறோம்; ஒரு வாரத்தில் அதே உரசல், அதே உதறல். அளவே தப்பாக இருக்கும்போது அலைன்மெண்ட் மெஷின் என்ன செய்யும்? எந்தக் கோளாறு எந்த எண்ணிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம். கடைக்காரரிடம் என்ன கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

இங்கே 2016 நவம்பரில் இந்தியாவுக்கு வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா ஃபார்ச்சூனரை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிக்கடி அளவு மாற்றப்படும் பெரிய வண்டிகளில் அது ஒன்று. கணக்கு போடும் முறை எந்த வண்டிக்கும் ஒன்றே.

கம்பெனியிலிருந்து வரும் எண்கள் இவை. 17 அங்குல வீலுக்கு 265/65 ஆர் 17, 18 அங்குல வீலுக்கு 265/60 ஆர் 18. ரிம் அகலம் 7.5 ஜே, அதாவது 7.5 அங்குலம். ஆஃப்செட் 30 மி.மீ.; ரிம்மின் நடுக்கோட்டுக்கும் வீல் ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சு முனை) உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம் இது, எண் குறைந்தால் வீல் வெளியே வரும். ஆறு ஸ்டட் (நட் மாட்டும் போல்ட்), அவை அமையும் வட்டத்தின் விட்டமான பிசிடி 139.7 மி.மீ. ஹப்பின் மேல் ஏறும் நடுத்துளை 106.1 மி.மீ. ஸ்டட் மரை எம் 12, பிட்ச் (மரைகளுக்கு இடையே உள்ள தூரம்) 1.5. கோளாறு எதுவானாலும் புது வீலின் எண்களை இந்த வரிசையில் எழுதி, பக்கத்தில் பழையதை எழுதிப் பாருங்கள். வீலின் பின்பக்கத்திலோ ஸ்போக்கின் உட்புறத்திலோ அகலமும் ஆஃப்செட்டும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும்.

டயரின் மொத்த உயரம் கண்டுபிடிக்க: முதல் எண்ணான அகலத்தை (மி.மீ.) இரண்டாவது எண்ணான விகிதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் பக்கச்சுவர் உயரம். அதை இரட்டித்து, ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி வருவதோடு கூட்டவும். 265/65 ஆர் 17 என்றால் 776 மி.மீ. 265/60 ஆர் 18 என்றால் 775. அங்குலம் மாறியும் உயரம் மாறவில்லை பாருங்கள், கம்பெனி செய்வது இதுதான். வெளியே நாம் மாற்றும்போதும் பழைய உயரத்திலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் விலகாமல் இருந்தால் கீழே உள்ள தொல்லைகளில் பாதி வராது.

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன் டயர் உரசுகிறது

முதலில் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். சத்தத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, டயரின் தோள்பட்டையில் சாக்பீஸைக் கெட்டியாகத் தேய்த்துவிட்டு, முழுதாக இடப்பக்கம் ஒடித்து முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டுங்கள். பிறகு வலப்பக்கம். இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால் சாக்பீஸ் ஒட்டிய இடம் தெரியும். சில நாள் ஓட்டிய வண்டி என்றால் சாக்பீஸே வேண்டாம்; மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் சொரசொரப்பு போய் ஒரு இடம் மட்டும் பளபளவென்று இருக்கும்.

உரசும் இடம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முன் சக்கரத்துக்குப் பின்னால், மட்ஃபிளாப்பிலோ லைனரிலோ, அதற்கும் உள்ளே பாடியை சேஸியோடு இணைக்கும் மவுண்ட்டிலோ உரசினால், டயர் உயரமாகிவிட்டது அல்லது வீல் வெளியே தள்ளிவிட்டது. 265/70 ஆர் 17 போட்டால் உயரம் 803 மி.மீ., அதாவது 3.4 சதவீதம் கூடுதல். ஆஃப்செட் 30-லேயே இருந்தால் இதில் மட்ஃபிளாப்பை நறுக்கி, லைனரைச் சூடாக்கி உள்ளே அமுக்கினால் பெரும்பாலும் போதும். உரசலுக்கு அலைன்மெண்ட் உண்மையிலேயே உதவும் இடமும் இது ஒன்றுதான்: சஸ்பென்ஷனின் கீழ் ஆர்மில் உள்ள கேம் போல்ட்டில் கேஸ்டரை (ஸ்டியரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) கூட்டினால் சக்கரம் சில மில்லிமீட்டர் முன்னால் நகரும். மவுண்ட்டை வெட்டலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது வண்டியின் கட்டுமானம்.

முன் பம்பர் ஓரத்தில் உரசினால் பெரும்பாலும் ஆஃப்செட்தான் காரணம். கணக்கைப் பாருங்கள். 7.5 ஜே, ஆஃப்செட் 30 இருந்த இடத்தில் 8 ஜே, ஆஃப்செட் 20 போட்டால் வீலின் வெளி ஓரம் 16 மி.மீ. வெளியே வரும். 9 ஜே, ஆஃப்செட் 0 போட்டால் 49 மி.மீ. ஸ்டியரிங் ஒடியும்போது சக்கரம் நின்ற இடத்தில் திரும்புவதில்லை, ஒரு வட்டத்தில் வீசுகிறது. வெளி ஓரம் எவ்வளவு வெளியே போகிறதோ அந்த வட்டம் அவ்வளவு பெரிதாகும். இதற்கு வீலை மாற்றுவதுதான் மருந்து.

உள்ளே, சஸ்பென்ஷனின் மேல் ஆர்மில் உரசினால் நிலைமை தலைகீழ். வீல் அதிகம் உள்ளே போயிருக்கிறது, அல்லது டயர் அகலம். இங்கே எல்லோரும் வீலை வெளியே தள்ளும் ஸ்பேசர் போடச் சொல்வார்கள். ஹப்பில் சும்மா மாட்டும் தட்டு வகை ஸ்பேசர் எனக்குப் பிடிக்காது: நட் பிடிக்கும் மரை நீளம் குறைகிறது, நடுத்துளை பிடிமானமும் போகிறது. சரியான ஆஃப்செட் உள்ள வீலுக்கு மாறுவதே நல்லது.

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டால் உரசாது என்று பலர் நம்புகிறார்கள். நிற்கும்போது இடைவெளி கூடும், உண்மை. ஆனால் பள்ளத்தில் சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது, அமுங்குவதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் மாறாதவரை, சக்கரம் பழைய இடத்துக்கேதான் மேலே வருகிறது. அங்கே உரசினது அங்கே உரசத்தான் செய்யும்.

டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சட்டமும் குறுக்கே வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள கம்பெனி விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வரும்போது இதைப் பேசிப் பயனில்லை.

ஆள் ஏற்றினால் பின்னால் உரசுகிறது

காலியாக ஓடும்போது ஒன்றுமில்லை. மூன்றாவது வரிசையிலும் ஆள், பின்னால் பெட்டிகள், வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் 'சர்ர்' என்று ஒரு சத்தம். ஃபார்ச்சூனரின் பின் அச்சு ஒரே தண்டு. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேலே ஏறும்போது அந்த டயரின் தலை உள்பக்கம் சாயும். அதனால் மட்கார்டு விளிம்பை மட்டும் பார்க்காமல் உள் லைனரையும் கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். பழைய டயரைத் திரும்பப் போட்டு அதே சுமையோடு ஓட்டினால் தெரிந்துவிடும். இதைச் சோதிக்காமல் புது டயரைக் குறை சொல்ல வேண்டாம்.

80-க்கு மேல் போனால் ஸ்டியரிங் உதறுகிறது

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. பேலன்சிங் செய்தாச்சு, மறுபடி செய்தாச்சு, உதறல் போகவில்லை.

முதலில் உதறல் எங்கே என்று பிரித்துக்கொள்ளுங்கள். கையில் தெரிந்தால் முன் சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின் சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் அது டிஸ்க். இந்தக் கட்டுரைக்கு வெளியே. 40, 50-லேயே தடதடவென்று வந்தால் ரிம் வளைந்திருக்கலாம், டயர் புடைத்திருக்கலாம். 80-லிருந்து 110 வரை மட்டும் வந்து போனால் பேலன்ஸ் அல்லது நடுத்துளை.

நடுத்துளை விஷயத்தைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். ஜாக்கி வைத்துத் தூக்கி, நட்டுகளைக் கழற்றி, வீலை ஹப்பில் தொங்கவிட்டு மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கம்பெனி வீல் ஹப்பில் இறுக்கமாக உட்காரும். சமயத்தில் துருப்பிடித்துக் கழலவே மறுக்கும். வெளியே வாங்கிய வீலில் துளை 110 மி.மீ. வரை இருப்பதுண்டு. ஹப்போ 106.1. அந்த இடைவெளியில் வீல் 'டக் டக்' என்று ஆடும். பேலன்சிங் மெஷின் வீலைக் கூம்பில் வைத்து நடுவாகப் பிடித்துக்கொள்வதால் அங்கே சுழியம் காட்டும். வண்டியில் மாட்டும்போது ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கி உட்கார்ந்தால் போதும், நெடுஞ்சாலையில் உதறும். அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் என்ற வளையத்தை, அந்த இரண்டு எண்ணும் எழுதியதாகப் பார்த்து வாங்கிப் போடுங்கள். சின்னச் செலவுதான். நட்டை இறுக்கும்போது டயர் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். எதிரெதிராக, ஒன்றுவிட்டு ஒன்று, முதலில் கையால், பிறகு ஸ்பானரால்.

இதே காரணத்தால்தான் ஆறு துளை ஒத்துப்போகிறது என்று வேறு வண்டியின் பழைய வீலை வாங்கக்கூடாது. ஃபோர்டு எண்டெவர், இசுசு, பஜேரோ ஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிசிடி 139.7-தான். ஆனால் எண்டெவர் வீலின் நடுத்துளை 93.1, பஜேரோ ஸ்போர்ட்டுடையது 67.1. ஃபார்ச்சூனர் ஹப்பில் இவை ஏறவே ஏறாது. ஃபார்ச்சூனர் வீல் எண்டெவரில் ஏறும், ஆனால் துளை லொடலொட. எண்டெவரின் ஆஃப்செட் 55, ஃபார்ச்சூனருடையது 30. டயர் 25 மி.மீ. வெளியே நிற்கும். ஃபோர்டு 2021-ல் இந்தியச் சந்தைக்கான தயாரிப்பை நிறுத்திய பிறகு இப்படிப் பழைய வீல் தேடுபவர்கள் நிறைய. பிசிடி ஒன்றை மட்டும் சொல்லி விற்பவரிடம் நடுத்துளை எவ்வளவு என்று கேளுங்கள்.

துளை சரி, இன்னும் உதறுகிறது என்றால் ரிம்முக்குள் பாருங்கள். மண் காய்ந்து ஒட்டியிருப்பது ஒரு காரணம். எடை கட்டும்போது ஒரே பக்கத்தில் நூறு கிராமைத் தாண்டிக் கேட்டால், எடையை ஒட்டிக்கொண்டே போகாமல் டயரை ரிம்மில் பாதிச் சுற்று திருப்பி மாட்டச் சொல்லுங்கள். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் லேசான இடம். காற்று வால்வுக்கு நேராக வர வேண்டும்.

நட் தானாக லூசாகிறது

இது ஆபத்து. உடனே வண்டியை நிறுத்துங்கள்.

டொயோட்டா கம்பெனி அலாய்க்கு வரும் நட்டில் தட்டையான வாஷரும் உள்ளே நுழையும் உருளைத் தண்டும் இருக்கும். வெளியே வாங்கும் வீல்களில் பெரும்பாலும் நட் உட்காரும் இடம் கூம்பு. பழைய நட்டையே புது வீலுக்குப் போட்டால் வாஷர் கூம்பின் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். ஸ்பானரில் இறுகிய மாதிரிதான் தெரியும். ஓட ஓடத் தளரும். புது வீலோடு அதற்கேற்ற 60 டிகிரி கூம்பு நட், எம் 12, பிட்ச் 1.5 என்று கேட்டு வாங்குங்கள். பிட்ச் 1.25 நட்டை கன் வைத்து ஏற்றினால் மரையே போய்விடும். மாட்டிய பிறகு ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.

மீட்டர் வேகமும் ஜிபிஎஸ் வேகமும் ஒத்துவரவில்லை, மைலேஜும் விழுந்துவிட்டது

மீட்டர் சக்கரச் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. டயர் உயரமானால் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறோம், மீட்டருக்கு அது தெரியாது. ஐ.நா. வாகன விதி 39-ன்படி மீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது. அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியே வைக்கின்றன. மீட்டரில் 100 காட்டும்போது நிஜம் 96 என்று வைத்துக்கொண்டால், 265/70 ஆர் 17-ல் அது 99 ஆகும். இதுவரை பாதகமில்லை. 275/65 ஆர் 18 போட்டால் உயரம் 815 மி.மீ., 5 சதவீதம் கூடுதல். நிஜ வேகம் 101 ஆகி மீட்டர் குறைத்துக் காட்டத் தொடங்கிவிடும். வேகக் கேமரா உள்ள சாலையில் இது சலான்.

மைலேஜுக்கும் இதே திருத்தம் வேண்டும். ஃபுல் டேங்க் கணக்கில் லிட்டருக்கு 10 வந்தால், 3.4 சதவீத உயர டயரில் நிஜம் 10.3. இதைத் திருத்திய பிறகும் குறைந்தால்தான் அது உண்மையான இழப்பு: டயரின் எடை, ஏடி (ஆல் டெரைன், மண்பாதைக்கும் ஏற்றது) டயரின் முரட்டு ட்ரெட்.

பிக்கப் மந்தம், பிரேக் பழைய மாதிரி பிடிக்கவில்லை

உயரம் கூடினால் எல்லா கியரும் அந்தச் சதவீதம் நீண்டுவிட்ட மாதிரி. ஆட்டோமேட்டிக்கில் மலை ஏறும்போது கியர் அடிக்கடி மாறுவது தெரியும். அதைவிடப் பெரிய காரணம் எடை. எல்டி (லைட் டிரக்) வகை ஏடி டயர் ஒன்றுக்கு ஐந்தாறு கிலோ கூடலாம், அதுவும் சக்கரத்தின் வெளி விளிம்பில். அந்த எடையைச் சுழற்றவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். ஏற்காடு, கொல்லிமலை இறக்கங்களில் ஓட்டுபவர்கள் இதை நினைவில் வைத்து டயர் எடுங்கள். நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் மட்டும் ஓடும் வண்டிக்கு எல்டி டயர் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பள்ளத்தில் விழுந்ததும் பக்கச்சுவரில் புடைப்பு

உள்ளே இழைகள் அறுந்துவிட்டன. ஒட்டுப் போட வழியில்லை, டயரை மாற்றத்தான் வேண்டும். காரணம் பெரும்பாலும் 20 அங்குல ரிம். 265/50 ஆர் 20-ன் மொத்த உயரம் 773. மீட்டரும் பிசகாது, உரசவும் உரசாது. ஆனால் பக்கச்சுவர் 172 மி.மீ.யிலிருந்து 132-ஆக இறங்கிவிட்டது. வெள்ளைக்கோடு போடாத வேகத்தடையும் மழைக்குப் பிறகு தண்ணீர் நிறைந்த குழியும் உள்ள சாலையில் அந்த நாற்பது மில்லிமீட்டர்தான் ரிம்மைக் காப்பது.

20 அங்குலம் போடும்போது சுமை எண்ணையும் பாருங்கள். கம்பெனி 265/60 ஆர் 18-ல் 110, அதாவது ஒரு டயருக்கு 1,060 கிலோ. 265/50 ஆர் 20-ல் 107 என்று வந்தால் 975 கிலோதான். காலியாகவே இரண்டு டன் அளவு வரும் வண்டி இது. பழைய எண்ணுக்குக் கீழே இறங்க வேண்டாம். எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும்) வகையில் 111 கிடைக்கும்.

டயர் சீரில்லாமல் தேய்கிறது

நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம் அல்லது ரிம்முக்கு டயர் பொருந்தவில்லை. 285/60 ஆர் 18-க்கு ரிம் குறைந்தது 8 ஜே வேண்டும், கம்பெனியின் 7.5 ஜே-யில் அதைத் திணித்தால் ட்ரெட் வளைந்து நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. எல்டி டயருக்குக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர் அளவு போதாது, அதே சுமைக்கு அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். டயர் கம்பெனியின் அட்டவணையைக் கேளுங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால், இப்போது அலைன்மெண்ட் கடைக்குப் போகலாம்.

ஒரு பக்கம் இழுக்கிறது

முன் இரண்டு சக்கரத்தையும் இடம் வலமாக மாற்றி மாட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர் காரணம். மாறாவிட்டால் அலைன்மெண்ட் அல்லது பிரேக். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரில் மட்டும் இந்தச் சோதனையை அப்படியே செய்ய முடியாது.

ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, ஃபோர் வீல் போட்டால் வண்டி இறுகுகிறது

நான்கு சக்கரமும் ஒரே சுற்றளவில் இல்லை. புது டயரில் ட்ரெட் 9, 10 மி.மீ.; தேய்ந்ததில் 4. முன்னால் புதுசு, பின்னால் பழசு என்றால் அளவு எண் ஒன்றாக இருந்தாலும் உயரத்தில் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். ஃபார்ச்சூனரின் ஃபோர் வீல் டிரைவில் முன், பின் அச்சுகள் நேராகப் பூட்டிக்கொள்கின்றன, சுற்று வித்தியாசத்தை ஈடுகட்ட நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. அந்த வித்தியாசம் முழுவதும், இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் தலையில் விழும். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத் தேதியையும் பாருங்கள்: 2324 என்றால் 2024-ன் 23-ஆவது வாரம்.

ஸ்டெப்னி பழைய இடத்தில் உட்காரவில்லை

உயரமும் அகலமும் கூடிய டயர் அடியில் சங்கிலியில் ஏறாமலோ, ஏறினாலும் பம்பரில் முட்டிக்கொண்டோ நிற்கும். நான்கு சக்கரமும் மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் பழைய அளவு ஸ்டெப்னியையே வைத்துக்கொண்டு, பஞ்சரான நேரத்தில் மெதுவாக அடுத்த கடை வரை ஓட்டலாம். அப்போது ஃபோர் வீல் போடவே கூடாது. ஸ்டெப்னி பழைய கம்பெனி அலாயாக இருந்தால் கழற்றிய வாஷர் நட்டுகளில் ஆறை ஒரு துணிப்பையில் போட்டு ஜாக்கியோடு வையுங்கள். புது வீலின் கூம்பு நட் அந்த வீலில் உட்காராது.